கல் போடாத கிலுக்கு

பனையோலையில் கிலுக்குச் செய்வது மலையைப் புரட்டுகிற காரியமில்லை. குருத்தோலையை விரல் அகலத்துக்குக் கீறி, நாலு கீற்றை மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டே வந்தால் எலுமிச்சங்காய் அளவில் சின்னப் பெட்டி ஒன்று வரும். வாயை மூடுவதற்கு முன்னால் உள்ளே கொஞ்சம் பொடிக்கல்லைப் போட்டு, ஈர்க்கில் ஒரு பிடி செருகினால் முடிந்தது. காசு செலவில்லை, கடைக்குப் போக வேண்டியதில்லை. அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே, பனைவிளைகளுக்கு நடுவே இருந்த அந்தத் தெருவில் இதைச் செய்யத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. ஆனால் பூங்கனி செய்கிற கிலுக்கில் மட்டும் கல் இருக்காது. பிள்ளை அதை என்ன பாடு படுத்திக் குலுக்கினாலும் சத்தம் வராது. சத்தம் வராத கிலுக்கு என்ன எழவுக்கு என்று கேட்பீர்கள். சத்தம் வரக் கூடாது என்பதற்குத்தான். அந்த வீட்டில் சத்தம் வந்தால் அடி விழும்.

அடிக்கிறவன் அவள் புருஷன் செல்வதாஸ். பனையேறி. அந்த வட்டாரத்தில் அவனைப் போல ஏறுகிறவன் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப் பிடித்தான் என்றால், நீங்கள் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் உச்சியில் இருப்பான். குடிகாரன் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சொட்டு தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விட உரக்கப் பாடுவான். குடித்துவிட்டு அடிக்கிறவனுக்காவது விடிந்தால் தெளியும். இவன் தெளிந்த புத்தியோடு, கையைக் கழுவித் தோளில் கிடக்கும் துவர்த்தில் துடைத்துக்கொண்டு அடிப்பான். அவனுக்குத் தெளிவதற்கு என்ன இருந்தது, மண்ணாங்கட்டி!

நாற்பத்தேழில் அவர்களுக்குக் கல்யாணம். திருவிதாங்கூர் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா சேராதா என்று ஆண்கள் டீக்கடையில் அடித்துக்கொண்டிருந்த சமயம். பனையிலிருந்து இறக்கிய அக்கானியைப் புதுப்பெண் காய்ச்சும்போது அடுப்பில் தீ கூடிப்போய்ப் பொங்கிக் கொட்டிவிட்டது. செல்வதாஸ் மூலையில் சாய்த்து வைத்திருந்த தடியை எடுத்து முதுகில் ஒன்று வைத்தான். விளையாட்டுக்கு அடிக்கிறான் என்று நினைத்துப் பாவிப்பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு இன்னொன்று விழுந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

பூங்கனிக்குச் சொத்து என்று ஒன்று இருந்தால் அது அவளுடைய வலது கைதான். குமரியாக இருந்தபோது மிஷன் வீட்டில் ராஜபாய் என்ற அம்மாளிடம் லேஸ் பின்னக் கற்றிருந்தாள். உருண்டைத் தலையணை ஒன்றை மடியில் வைத்து, அதன்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை அப்படியும் இப்படியும் போட்டு எடுப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூவும் கொடியும் விழும். பனையில் பாளை இல்லாத மாதங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது அந்த விரல்களால்தான். அது செல்வதாசுக்கும் தெரியும். அதனாலேயே எங்கே அடித்தாலும் கையில் மட்டும் அடிக்க மாட்டான். எவ்வளவு கவனம் பாருங்கள்!

மறுவருஷம் தங்கபாய் பிறந்தாள். பச்சைப்பிள்ளை அழத்தானே செய்யும்? "ஏட்டி, அதுக்க வாயை மூடு, இல்லன்னா நான் மூடுவேன்" என்று ஒருநாள் பிள்ளையின் முகத்தில் தலையணையை எடுத்துப் போட்டான். பூங்கனி பாய்ந்து பிடுங்கிவிட்டாள். அவளுக்கு அன்றைக்குக் காது கிழிந்தது. இரத்தம் வழிய வழிய அவள் யோசித்தது ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளை அடி படாமல் வளர வேண்டும் என்றால் சத்தமில்லாமல் வளர வேண்டும்.

அப்படித்தான் அந்த விளையாட்டுச் சாமான்கள் பிறந்தன. கல் போடாத கிலுக்கு முதலில் வந்தது. பிறகு பிள்ளை உட்காரத் தொடங்கியதும் ஓலைப் பாம்பு, ஓலைக் கிளி. சோறு பொங்கி விளையாடத் தேங்காய்ச் சிரட்டை கொடுத்தால் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் கேட்கும். அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் நல்ல பசை. பழைய கடலாசைத் துண்டு துண்டாகக் கிழித்து, சிரட்டையின் புறத்தில் அந்தப் பசையால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வருவது. வெயிலில் காயவைத்து உருவினால் காகிதச் சட்டி. கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தாலும் பஞ்சு விழுந்த மாதிரிதான். சட்டி, பானை, அகப்பை, உரல் எல்லாம் காகிதத்தில். பூவரசிலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவது மட்டும், அப்பா தூரத்து விளையில் மரத்தில் இருக்கும்போது. அதுவும் வட்டக்கோட்டைப் பக்கத்து விளை என்றால்தான்.

தெருவில் பெண்கள் எல்லாம் காலையிலேயே வயலுக்கும் விளைக்கும் போகிறவர்கள். பூங்கனியின் முற்றத்தில் பிள்ளை உட்கார்ந்தால் அழாமல், ஓடாமல், மண்ணைத் தின்னாமல் கிடக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருத்தியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். நேசம்மாளின் பிள்ளைகள் வந்தன. பக்கத்து வீட்டுப் பகவதியம்மாள், ஞாயிறுதோறும் ஐயாவின் நிழல்தாங்கலுக்குக் கும்பிடப் போகிறவள், அவளும் தன் பேத்தியைக் கொண்டு விட்டாள். "பிள்ளே, உனக்க கிட்ட வந்தா மட்டும் இதுவோ எப்படிட்டி இப்பிடி அடங்கிக் கிடக்கு?" என்று கேட்பாள். பூங்கனி என்ன சொல்வாள்? பதினொரு மணிக்குச் செல்வதாஸ் மரத்திலிருந்து இறங்கி வருவதற்குள் முற்றத்தைப் பெருக்கி, ஓலைத்துண்டைக் கூட்டி அள்ளி, பிள்ளைகளை அனுப்பிவிடுவாள்.

தங்கபாய்க்கு அஞ்சு வயசாகும்போது தம்பி ஜான்ரோஸ் தவழ்ந்துகொண்டிருந்தான். அவள் அம்மாவின் மடியை ஒட்டி உட்கார்ந்து லேஸ் பின்னுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இந்த ஊசி எதுக்கும்மா?"

"நூலு அங்கயும் இங்கயும் ஓடாம பிடிச்சு வைக்கதுக்கு மக்கா."

"ஊசி குத்தினா அசையாதா?"

"அசையாது. நாம எடுத்து விடுகது வரைக்கும் அங்கனயே கிடக்கும்."

பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டாள். சும்மா கேட்கிறாள் என்றுதான் பூங்கனி நினைத்தாள்.

ஒருநாள் நேசம்மாளின் மகன் தெரியாத்தனமாக ஒரு கிலுக்கில் கல்லைப் போட்டு மூடி ஜான்ரோசின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பிறந்தது முதல் ஊமைக் கிலுக்கையே ஆட்டிய பிள்ளைக்குச் சத்தம் கேட்டதும் ஒரே ஆனந்தம். கலகலவென்று ஆட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே படுத்திருந்த செல்வதாஸ் எழும்பி வந்தான். தம்பியின் கையிலிருந்து பிடுங்குவதற்காகத் தங்கபாய் கிலுக்கைப் பிடித்திருந்தாள். அவள்தான் ஆட்டினாள் என்று நினைத்தானோ, யாராயிருந்தால் என்ன என்று நினைத்தானோ, பிள்ளையின் கையை முறுக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். எலும்பு நெரிகிற சத்தம் பூங்கனிக்குக் கேட்டது. அவள் அவன் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். அவன் அவளை எட்டி உதைத்துவிட்டு, கிலுக்கைக் காலால் தேய்த்து நசுக்கிவிட்டுப் போய்ப் படுத்தான். பிள்ளை அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அஞ்சு வயசுப் பிள்ளை! தாய்க்கு நெஞ்சில் அடித்துக்கொள்ளக்கூட அந்த வீட்டில் முடியாது, அதுவும் சத்தம்தானே.

அந்த மாசமே அது நடந்தது. செல்வதாஸ் இடுப்பில் கட்டும் அரிவாள்பெட்டியின் அடி பிய்ந்துபோயிற்று. சுவரில் பல நாளாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்த பழைய பெட்டியை எடுத்து, அரிவாளையும் கடிப்பையும் அதில் போட்டுக் கட்டிக்கொண்டு போனான். மரத்து உச்சியில் என்ன நடந்தது என்பதை அவனே பிற்பாடு ஊரெல்லாம் சொன்னான். பாளை சீவ அரிவாளை எடுக்கக் கையை விட்டிருக்கிறான். விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. பெட்டிக்குள் தேளோ பூரானோ என்று பதறி, மெதுவாக எடுத்துப் பார்த்தால் ஒரு பொம்மை.

விரல் நீளம்தான் இருக்கும். புன்னைக்காயில் தலை. தேங்காய்க் கதம்பைத் தும்பில் உடம்பு. ஈர்க்கில் கையும் காலும். இடுப்பில் சுற்றியிருந்தது அவனுடைய துவர்த்தின் சிவப்புக் கரையிலிருந்து கிழித்த துணி. இரண்டு காலையும் சேர்த்து நூலில் ஒரு தளைநார். பனைமட்டைச் சில் ஒன்றின்மேல் அதைக் கிடத்தி, கைகள் இரண்டையும் விரித்து, ஒவ்வொரு கையிலும் ஒரு குண்டூசி.

செய்வினை! தன்னை மரத்திலிருந்து தள்ளிக் கொல்ல யாரோ செய்து வைத்த செய்வினை! முன்வரிசையில் உட்கார்ந்து பாடிய பாட்டெல்லாம் அந்த உச்சியில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கை இரண்டும் மரத்துப்போயின என்றான். மார்பும் தொடையும் சிராய்ந்து தோல் உரிய உரியச் சறுக்கி இறங்கினான்.

வீட்டு முற்றத்தில் பிள்ளைகளுக்குப் பூங்கனி ஓலை கீறிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மார்பெல்லாம் இரத்தமாக அவன் வருவதைப் பார்த்ததும் அயல்வீட்டுப் பிள்ளைகள் எழும்பி ஓடிவிட்டன. அவன் பொம்மையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"யாருட்டி இதைச் செஞ்சது?"

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நூல் முடிச்சை இடது பக்கமாகப் போடுகிறவள் அந்த வீட்டில் ஒருத்திதான். எத்தனை முறை திருத்தினாலும் தங்கபாய் இடது பக்கமாகத்தான் போடுவாள். பூங்கனி மகளை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறக்காதே என்ற பார்வை. பிள்ளைக்கு அது மனப்பாடம்.

"நானாக்கும்" என்றாள் பூங்கனி.

"எனக்குச் செய்வினை வச்சியா?"

"பிள்ளைகளுக்கு வெளாடச் செஞ்சேன். வேற ஒண்ணுமில்ல."

"வெளாட்டா? எனக்க துணியைக் கிழிச்சு, எனக்க கையில ஊசி குத்தி வெளாட்டா? சவத்துமூதி, எந்தக் கையால செஞ்சே?"

அவனாகவே வலது கையைப் பிடித்தான். இத்தனை வருஷம் அடிக்காமல் விட்டு வைத்திருந்த கை. இடுப்புப் பெட்டியிலிருந்து கடிப்பை எடுத்தான். பாளையை நசுக்குவதற்குப் பனையேறிகள் வைத்திருக்கிற சாமான் அது, ஒரு பக்கம் பிணைத்த இரண்டு வைரக்கட்டை. நடுவில் பாளையைக் கொடுத்து அமுக்கினால் உள்ளே உள்ளதெல்லாம் கூழாகும். அவள் விரல்களை நடுவில் கொடுத்தான். முழங்காலை அவள் மணிக்கட்டில் ஊன்றிக்கொண்டு, ஆற அமர, பாளையை நசுக்குகிற அதே பக்குவத்தில் அமுக்கினான். ஒவ்வொரு விரலாக முறிந்தது. கேட்டீர்களா, அவள் அப்போதும் கத்தவில்லை! சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காதே, வாயைத் திறக்காதே.

ஓடிப்போன பிள்ளைகள் சொல்லித் தெரு கூடிவிட்டது. பகவதியம்மாள் வேலியைத் தாண்டி வந்தாள். "லே செல்வதாசே, நீ மனுசன்தானாலே?" என்று அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். அவன் பொம்மையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினான். பகவதியம்மாளே ஓரடி பின்வாங்கிவிட்டாள். மற்றவர்களைக் கேட்க வேண்டுமா? ஊசி குத்திய பொம்மை, அதுவும் பனையேறியின் அரிவாள்பெட்டிக்குள். நேசம்மாள்தான் முதலில் ஆரம்பித்தாள். "பாவி, எங்க பிள்ளைகளுக்கும் என்னென்ன செஞ்சு குடுத்தியோ!" என்று கூவிக்கொண்டு பூங்கனியின் கன்னத்தில் அறைந்தாள். வீடுகளிலிருந்து ஓலைக் கிளிகளும் பாம்புகளும் காகிதச் சட்டிகளும் வந்தன. நடுத்தெருவில் குவித்துத் தீ வைத்தார்கள். பிள்ளைகள் கிளிக்காக அழுதன, அழுத பிள்ளைகளுக்கும் அடி. யாரோ எறிந்த கல் பூங்கனியின் நெற்றியைப் பிளந்தது. நேற்று வரைக்கும் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனவர்கள்தான் இவ்வளவும் செய்தார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள்! எனக்கு இதைச் சொல்லும்போதுகூட நாக்கு துடிக்கிறது.

பயந்தாலும் பகவதியம்மாள் போய்விடவில்லை. அடிமுறையும் முறிவு வைத்தியமும் தெரிந்த ஆசான் ஒருவரை அழைத்துவந்தாள். அவர் விரல்களைப் பார்த்துவிட்டு, "இது கூடும், ஆனா மடங்காது பிள்ளே" என்றார். முட்டை வெண்கருவில் துணியை நனைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். லேஸ் தலையணை மூலையில் கிடந்தது. பூங்கனி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனது தன் கை, மகள் கை அல்ல என்று அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

செல்வதாசுக்கு நிம்மதி இல்லை. பஸ் ஏறி மேற்கே, களியக்காவிளைக்கும் அப்பால் ஒரு மந்திரவாதியைப் பார்க்கப் போனான். போனவன் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். மந்திரவாதி பொம்மையைத் தொடக்கூட மாட்டேன் என்றுவிட்டானாம். பொம்மையை எரித்தால் இவன் எரிவான், ஆற்றில் விட்டால் இவன் போவான், வேறு யார் ஊசியைப் பிடுங்கினாலும் இவன் கை போய்விடும். வைத்த கையேதான் எடுக்க வேண்டும்.

வைத்த கையை இவன் நசுக்கி வைத்திருக்கிறான்.

"எடுட்டி" என்று பொம்மையை அவள் முன்னால் வைத்தான். வேலிக்கு வெளியே தெரு முழுவதும் நின்றது. பூங்கனி கட்டுப் போட்ட கையைக் காட்டினாள். அவன் கட்டைப் பிய்த்து எறிந்தான். வீங்கிக் கறுத்திருந்த விரல்களைப் பிடித்து ஊசியின் தலையில் வைத்து அழுத்தினான். அவளுக்கு வியர்வை வழிந்தது, பல் கிட்டிப்போயிற்று, விரல்கள் ஊசியைப் பற்றவில்லை. "எடு! எடு!" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அறை. அவள் தரையில் விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி பொம்மையின் முன்னால் உட்கார்த்தினான். இதைவிட ஒரேயடியாகக் கொன்றுவிட்டால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

"அம்மைய அடிக்காதீங்கப்பா. நான் எடுக்கேன்."

தங்கபாய் வாசற்படியில் நின்றாள். பூங்கனி தலையை ஆட்டினாள், கண்ணால் கெஞ்சினாள். பிள்ளை அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"நீ எதுக்கு எடுக்கணும்?" என்றான் செல்வதாஸ்.

"நான்தான் குத்தினேன். அம்மைக்குத் தெரியாது."

அவன் மகளையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தான். அடிக்கிற நிலையில் அவன் அப்போது இல்லை, அவ்வளவு பயம். குரலைத் தாழ்த்தி, "வா மக்கா, வந்து எடு" என்றான். மகளை அவன் மக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

பிள்ளை வந்து பொம்மைக்கு முன்னால் குந்தினாள். பொம்மையின் வலது கையில் இருந்த ஊசியைப் பிடித்தாள். பிடித்தபடியே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"எடுத்து விட்டா அடிப்பியளாப்பா?"

அப்போதுதான் பூங்கனிக்கு எல்லாம் விளங்கியது. நூல் ஓடாமல் பிடித்து வைக்க ஊசி. நாம் எடுத்து விடும் வரைக்கும் அசையாமல் கிடக்கும். பிள்ளை செய்வினையும் செய்யவில்லை, விளையாடவும் இல்லை. அப்பாவின் கையை எழும்பாமல் பிடித்து வைத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

"அடிக்க மாட்டேன் மக்கா" என்றான் அவன். "சத்தியமா மாட்டேன். எடு."

பிள்ளை நம்பினாள். ஊசியை உருவி எடுத்தாள்.

ஊசி வெளியே வந்ததுதான் தாமதம். மரத்துப்போன கைக்கு உயிர் வந்தது போல விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தான். பயம் போயிற்று. பயம் போன இடத்தில் பழைய செல்வதாஸ் வந்து உட்கார்ந்தான். அதே கையால் பிள்ளையை ஒரு அறை அறைந்தான். அவள் சுழன்று போய் லேஸ் தலையணைமேல் விழுந்தாள். வாயிலிருந்து இரத்தமும் ஒரு பல்லும் வந்தன. "அப்பனைக் கொல்லப் பார்த்தியாட்டி, குட்டிப் பிசாசே" என்று அவளுடைய சின்னக் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் வைத்துக் கடிப்பைத் தேடினான்.

கடிப்பு கிடைக்கவில்லை. அரிவாள்பெட்டி பூங்கனியின் பக்கத்தில் கிடந்தது. இடது கையை உள்ளே விட்டாள். பாளை சீவுகிற அரிவாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, மயிரைக் காற்றில் விட்டால் இரண்டாக்கும். முழங்காலில் எழும்பி, மகளின் கையைப் பிடித்திருந்த அந்த வலது மணிக்கட்டில் ஒரே வெட்டு வெட்டினாள்.

கத்தினாள். அவன் அல்ல, அவள்தான் கத்தினாள். ஆறு வருஷத்துச் சத்தம் அது. பனைகளில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. "தொடுலே! இனி எனக்க பிள்ளையைத் தொடு பாப்போம்! கையை வெட்டின எனக்குக் கழுத்தை வெட்டத் தெரியாதா?" செல்வதாஸ் தன் மணிக்கட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இரத்தம் பீச்சி அடித்தது. மறுபடியும் அதே ஆசானைத்தான் கூப்பிட்டார்கள். அவர் சுடுசாம்பலை அமுக்கிக் கட்டிவிட்டு, "நரம்பு போச்சு. இந்தக் கையால இனி மரத்தைப் பிடிக்க முடியாது" என்றார்.

போலீஸ் வந்து விசாரித்தது. வேலிக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். செல்வதாசும் மரத்திலிருந்து சறுக்கும்போது அரிவாள் வெட்டிவிட்டது என்றே சொல்லி வைத்தான். வெட்கத்தினால் பொய் சொன்னான் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. அவன் மனதார நம்பியது வேறு. ஒரு ஊசியை எடுத்து மற்றதை எடுக்காமல் விட்டதால் வந்த வினை இது என்று நம்பினான். வெட்டியவள் எதிரே அரிவாளோடு நின்றாள், பெருமை மட்டும் புன்னைக்காய்ப் பொம்மைக்குப் போயிற்று! போகட்டும். அந்த நம்பிக்கைதான் பிறகு அவர்களைக் காப்பாற்றியது. பொம்மையின் இடது கையில் ஊசி அப்படியே இருந்தது. அவனுடைய இடது கைக்கு ஒரு குறையும் இல்லை, சோறு தின்னும், வேட்டி கட்டும். ஆனால் அடிக்க ஓங்கினால் பாதியில் நின்றுவிடும். கண் கூரையைத் தேடும். பூங்கனி பொம்மையைக் கூரையின் வளைமரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

லேஸ் போயிற்று. இடது கையாலும் வலது கையின் கட்டைவிரலாலும் பெட்டியும் கடவமும் முடைந்து கொட்டாரத்துச் சந்தைக்கு அனுப்பினாள். செல்வதாஸ் அடுப்படியில் உட்கார்ந்து அடுத்தவர்கள் இறக்கிய அக்கானியைத் துழாவிக் கருப்புக்கட்டி காய்ச்சினான். கொஞ்ச நாளில் நேசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கினாள். பூங்கனி பிள்ளையை வாங்கிக்கொண்டாள், அது என்ன செய்யும். மறுநாள் நேசம்மாளே இருட்டு விலகுமுன் தனியாக வந்தாள். மடியிலிருந்து ஒரு கிழிந்த வேட்டிக் கரையை எடுத்தாள்.

"பிள்ளைக்கு வெளாட ஒரு பொம்மை செஞ்சு தாறியா? இதை உடுத்தி விடு. ஊசி நான் வச்சிருக்கேன்."

பூங்கனி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பிள்ளையைக் கொண்டா, அதுக்க கையாலயே செய்யட்டும்" என்றாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் பல வீட்டு வளையில் பொம்மை தொங்கியது. எல்லா வீட்டிலும் பலித்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். சில வீட்டில் பலித்தது.

ஐம்பத்தாறில் அந்தப் பக்கமெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளில் அஞ்சுகிராமம் முழுக்க வேட்டுச் சத்தம். முற்றத்தில் எட்டு வயசுத் தங்கபாய் தம்பிக்குக் கிலுக்கு முடைந்துகொண்டிருந்தாள். முடிச்சு இன்னும் இடது பக்கம்தான். செல்வதாஸ் பக்கத்தில் வந்து குந்தினான். தாடியெல்லாம் நரைத்திருந்தது.

"மக்கா, அந்த ஊசியைக் கொஞ்சம் எடுத்து விடேன். எனக்க கை மரத்துப் போய்க் கிடக்கு."

"எடுத்தா அடிப்பியளா?"

"மாட்டேன் மக்கா. சத்தியமா மாட்டேன்."

தங்கபாய் அவனைப் பார்த்தாள். விழுந்த பல் இருந்த இடத்தில் புதுப்பல் முளைத்திருந்தது.

"அன்னைக்கும் இப்பிடித்தானே சொன்னிய" என்றாள்.

பிறகு குனிந்து, காலடியில் கிடந்த கல்லை ஒரு பிடி அள்ளிக் கிலுக்குக்குள் போட்டு மூடி, பிடியைச் செருகித் தம்பியிடம் கொடுத்தாள். ஜான்ரோஸ் அதைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினான்.